செல்வ நாடுகளின் மகிழ்ச்சியைப் பற்றி எழுதுவோருக்கும் பேசுவோருக்கும் ஒரு திறந்த மடல்

பட்டிமன்ற மேடைகளிலும் வார இதழ்களிலும் வகுப்பறைகளிலும் செல்வ நாடுகளின் வாழ்க்கையைத் தமிழ் மக்களுக்கு எடுத்துச் சொல்லும் மதிப்பிற்குரிய எழுத்தாளர்களே, பேச்சாளர்களே, ஆசிரியர்களே,

“அங்கே பணம் இருக்கிறது, நிம்மதி இல்லை” என்னும் தீர்ப்பை நீங்கள் நெடுங்காலமாக வழங்கி வருகிறீர்கள். பிள்ளைகள் வளர்ந்ததும் வீட்டைவிட்டு வெளியேறிவிடுகிறார்கள், முதியவர்கள் தனியே வாழ்கிறார்கள், கணவனும் மனைவியும் ஆளுக்கொரு வங்கிக் கணக்கு வைத்திருக்கிறார்கள், ஆகவே அந்நாட்டு மக்கள் செல்வத்தின் நடுவே துயருறுகிறார்கள் என்று உங்கள் வாதம் வரிசையாக நகர்கிறது. முதல் மூன்று கூற்றுகளும் பெருமளவு உண்மையாக இருப்பதனாலேயே நான்காவதும் உண்மையாகத்தான் இருக்கும் என்று கேட்போர் ஏற்றுக்கொள்கிறார்கள். அந்த நான்காவது கூற்றுக்குப் பல நாடுகளில் பல பத்தாண்டுகளாகச் சேர்ந்துள்ள ஆய்வுகள் சான்று தரவில்லை என்பதையும், அதைத் திரும்பத் திரும்பச் சொல்வதால் தமிழ்ச் சமூகத்தில் சிலர் உண்மையான இழப்புக்கு ஆளாகிறார்கள் என்பதையும் உங்களிடம் நேரடியாகச் சொல்ல வேண்டியிருப்பதால் இம்மடல் எழுதப்படுகிறது.

உங்கள் சொல்லுக்கு எடை உண்டு. மேடையில் கைதட்டலுடன் முடிந்துவிடுவதாக நீங்கள் நினைக்கும் ஒரு கருத்து, வீட்டுக்குள் நுழைந்ததும், கொடுமையான திருமணத்திலிருந்து விலக எண்ணும் பெண்ணிடம் உறவினர் சொல்லும் அறிவுரையாகிறது. தம் ஓய்வூதியத்தைக் கொண்டு தனியே வாழ விரும்பும் முதியவரை நோக்கி “வெளிநாட்டுக்காரர்களைப் போல ஆகிவிட்டாயா” என்று எழும் கேள்வியாகிறது. படுக்கையில் கிடக்கும் மாமனாரைப் பல ஆண்டுகள் ஒற்றை ஆளாகக் கவனித்துக் களைத்துப்போன மருமகள், உதவி வேண்டும் என்று வாய்திறந்து கேட்கவும் கூசும்படி செய்யும் அச்சமாகிறது. மக்கள் எப்படி வாழ வேண்டும் என்பதைப் பிற நாடுகளின் துயரத்தைக் காட்டி நீங்கள் கற்பிக்கும்போது, அந்தத் துயரம் அங்கே உண்மையில் இருக்கிறதா, இருந்தால் எதனால் வந்தது என்று ஆராய்ந்து சொல்லும் பொறுப்பும் உங்களையே சேர்கிறது.

நீங்கள் குறைகூறும் பண்பை ஆய்வாளர்கள் தனிமனிதவாதம் என்று அழைக்கிறார்கள். ஒருவர் தம் படிப்பு, தொழில், துணை, நம்பிக்கை, வாழும் இடம் ஆகியவற்றைத் தாமே தேர்ந்துகொள்ள உரிமையுடையவர் என்றும், குடும்பத்துக்கும் குழுவுக்கும் அவர் ஆற்றும் கடமை கட்டாயத்தால் அன்றி விருப்பத்தால் வர வேண்டும் என்றும் கருதும் மனப்போக்கே அது. குழுவின் நலனும் மானமும் முதலில், தனியாளின் விருப்பம் பிறகு என்று கொள்ளும் எதிர்ப்போக்கைக் கூட்டுநோக்கு எனலாம். நெதர்லாந்தைச் சேர்ந்த ஹேர்ட் ஹாஃப்ஸ்டெட், ஐபிஎம் நிறுவனத்தின் பல நாட்டு ஊழியர்களிடம் 1967 முதல் 1973 வரை திரட்டப்பட்ட விடைகளைக் கொண்டு இப்போக்கை நாடுவாரியாக அளந்து 1980இல் நூலாக வெளியிட்டார். அந்நூலிலும் பின்னர் அவரே விரிவாக்கிய பட்டியலிலும் அமெரிக்கா 91, பிரிட்டன் 89, டென்மார்க் 74, சுவீடன் 71, பின்லாந்து 63 என்று உயர்ந்த எண்களைப் பெற, ஜப்பான் 46, தென்கொரியா 18 என்று கீழே நின்றன. ஒரே நிறுவனத்தின் ஊழியர்களை வைத்து ஒரு நாட்டையே அளக்கலாமா என்னும் கேள்வி நியாயமானதே என்றாலும், பின்வந்த பல ஆய்வுகள் வேறு வழிகளில் அளந்தபோதும் நாடுகளின் வரிசை பெரிதும் மாறிவிடவில்லை.

மகிழ்ச்சியை அளப்பதற்கும் ஒரு முறை உண்டு. பூச்சியத்திலிருந்து பத்து வரை படிகள் கொண்ட ஓர் ஏணியைக் கற்பனை செய்துகொண்டு, தம் வாழ்க்கை இப்போது எந்தப் படியில் நிற்கிறது என்று மக்களே சொல்லும்படி கேட்கும் முறை அது; காலப் நிறுவனம் இக்கேள்வியைப் பெரும்பாலான நாடுகளில் ஆண்டுதோறும் கேட்கிறது, 2012 முதல் வெளிவரும் உலக மகிழ்ச்சி அறிக்கை அந்த விடைகளைக் கொண்டே நாடுகளை வரிசைப்படுத்துகிறது. 2018 முதல் 2025 வரை தொடர்ந்து எட்டு முறை பின்லாந்து முதலிடம் பெற்றது; 2025ஆம் ஆண்டில் அதற்கு அடுத்த மூன்று இடங்களில் டென்மார்க், ஐஸ்லாந்து, சுவீடன் ஆகியவை நின்றன. செல்வம்தான் இதற்குக் காரணம், தனிமனிதவாதத்துக்கு இதில் பங்கில்லை என்று நீங்கள் மறுக்கக்கூடும். ஆனால் எட் டீனரும் அவருடன் பணியாற்றியவர்களும் 55 நாடுகளை ஒப்பிட்டு 1995இல் வெளியிட்ட ஆய்வில், வருமானம், மனித உரிமை, சமத்துவம் ஆகிய பிறவற்றின் விளைவைக் கழித்த பின்னும் மன நிறைவோடு இணைந்தே நின்ற காரணி தனிமனிதவாதம் ஒன்றுதான். ரோனால்ட் ஃபிஷரும் டயானா போயரும் 63 சமூகங்களைச் சேர்ந்த நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பற்றிய தரவுகளைத் தொகுத்து 2011இல் வெளியிட்ட ஆய்வும், பதற்றமும் மனச்சோர்வும் குறைவதற்குப் பணத்தைக் காட்டிலும் தன்விருப்பப்படி வாழும் உரிமையே உறுதியான துணை என்ற முடிவுக்கு வந்தது. ரோனால்ட் இங்கில்ஹார்ட் குழுவினர் 1981 முதல் 2007 வரையான தரவுகளை ஆராய்ந்தபோது, நீண்டகாலத் தரவு கிடைத்த 52 நாடுகளில் 45இல் மகிழ்ச்சி உயர்ந்திருந்தது. வாழ்க்கையைத் தேர்ந்துகொள்ளும் சுதந்திரம் பெருகியதே அதற்கு முதன்மைக் காரணம் என்று அவர்கள் விளக்கினர்.

அவ்வாறாயின், தனிமனிதவாதத்தில் யாவற்றையும்விட உயர்ந்து நிற்கும் அமெரிக்கா மகிழ்ச்சியில் ஏன் சரிந்துகொண்டிருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்களானால், அது இம்மடலின் மையத்தைத் தொடும் கேள்வியாகும். தனிமனிதவாதம் என்ற ஒரே பெயரின்கீழ் இருவேறு வாழ்க்கை முறைகள் வழங்கி வருகின்றன. பிரான்சைச் சேர்ந்த சமூகவியலாளர் எமில் துர்கைம், செய்யாத குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட யூத இராணுவ அதிகாரி ட்ரைஃபஸுக்காக அறிவாளர்கள் குரலெழுப்பிய 1898ஆம் ஆண்டிலேயே இவ்வேறுபாட்டை வலியுறுத்தினார். அவரவர் ஆதாயத்தை அவரவர் தேடிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவது தன்னலம். எந்த மனிதரின் மாண்பையும் எந்தக் கூட்டமும் மிதிக்கக் கூடாது என்று ஒரு சமூகம் முழுவதும் சேர்ந்து உறுதிகொள்வது உண்மையான தனிமனிதவாதம். பின்னது மக்களைப் பிரிப்பதில்லை, அவர்கள் எல்லோரும் பொதுவாகப் போற்றக்கூடிய ஒன்றை அவர்களுக்குக் கொடுத்து இணைக்கிறது என்று அவர் வாதிட்டார். இன்றைய செல்வ நாடுகளில் மகிழ்ச்சியாக இருப்பவை இரண்டாம் வகையைப் பொது நிறுவனங்களாகக் கட்டியெழுப்பியவை. துயருறுபவை, முதல் வகையில் தம் மக்களைக் கைவிட்டவையும், பொதுக் கடமைகளைக் குடும்பத்தின் தோளில் ஏற்றியவையுமே.

சுவீடனைச் சற்று அருகில் சென்று பாருங்கள். அங்கே 1971 முதல் கணவனுக்கும் மனைவிக்கும் தனித்தனியே வருமான வரி கணக்கிடப்படுகிறது. கல்லூரி மாணவருக்கு அரசு தரும் உதவித்தொகையும் கடனும் பெற்றோரின் வருமானத்தைப் பார்த்துத் தரப்படுவதில்லை. முதியோரைப் பராமரிக்கும் பொறுப்பு நகராட்சியுடையது. வளர்ந்த பிள்ளைகள் பெற்றோருக்குச் சோறுபோட வேண்டும் என்று எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்துவதில்லை. ஹென்ரிக் பெர்க்கிரென், லார்ஸ் திரெகோர்த் என்னும் வரலாற்றாளர்கள் 2006இல் வெளியிட்ட நூலில் இந்த ஏற்பாட்டை அரசுசார் தனிமனிதவாதம் என்று பெயரிட்டு விளக்கினார்கள்: மனைவி கணவனையும், மாணவர் தந்தையையும், முதியவர் மகனையும், ஏழை கொடையாளியையும் சார்ந்து நிற்கும் நிலையைப் பொது அமைப்புகளின் வழியாக நீக்கிவிட்டால், அவர்களுக்கிடையே எஞ்சுவது அன்பினால் மட்டுமே நிற்கும் உறவாக இருக்கும் என்பது அதன் அடிப்படைக் கருத்து. அப்படியானால் பிள்ளைகள் பெற்றோரைக் கைகழுவிவிட்டிருக்க வேண்டும் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். ஐரோப்பிய நாடுகளை ஒப்பிட்ட ஆய்வுகளோ, நாள்முழுதும் நீளும் கடும் பராமரிப்பைத் தென் ஐரோப்பியப் பிள்ளைகள் கூடுதலாகச் செய்தாலும், கடைக்குப் போய்வருவது, வீட்டுப் பழுதைச் சரிசெய்வது, படிவங்களை நிரப்பித் தருவது போன்ற உதவிகளைப் பெற்றோருக்குச் செய்யும் பிள்ளைகளின் விழுக்காடு வட ஐரோப்பாவிலேயே உயர்ந்திருப்பதைக் காட்டுகின்றன. சுமையின் கனமான பகுதியை ஊர் தாங்கிக்கொள்ளும்போது, எஞ்சிய பகுதியைச் சுமக்க முன்வருவோர் பெருகுகிறார்கள்.

தனியே வாழ்வதும் தனிமையில் வாடுவதும் ஒன்றே என்னும் எண்ணமும் உங்கள் எழுத்தில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. பின்லாந்தின் குடியிருப்புகளில் ஏறத்தாழப் பாதியில் ஒருவர் மட்டுமே வாழ்கிறார். ஆயினும் முதியோர் தம் தனிமையைப் பற்றித் தாமே சொல்லும் விடைகளை ஒப்பிட்டால், பிள்ளைகளுடன் சேர்ந்து வாழ்வது வழக்கமாக உள்ள தெற்கு, கிழக்கு ஐரோப்பிய நாடுகளிலேயே தனிமையுணர்வு மிகுதியாகக் காணப்படுகிறது. உடன் யாரேனும் இருந்தே தீர வேண்டும் என்ற எதிர்பார்ப்பு பெரிதாக உள்ள இடத்தில் அது நிறைவேறாதபோது எழும் வலியும் பெரிதாக இருப்பதை ஆய்வாளர்கள் இதற்கு ஒரு காரணமாகக் கூறுகிறார்கள். வட நாடுகளின் முதியோருக்கு உடல்நலமும் வருமானமும் மேம்பட்டிருப்பது மற்றொரு காரணம்.

அதற்கும் மேலாக, தனியே வாழ்வோர் ஒருவரையொருவர் சந்திக்கும் வழக்கங்களை அந்நாடுகள் பேணி வைத்திருக்கின்றன. நார்வேயின் அடுக்குமாடிக் கூட்டுறவுக் குடியிருப்புகளில், பனி உருகிய பிறகு ஒரு நாளைக் குறித்துப் படிக்கட்டுச் சுவரில் அறிவிப்பு ஒட்டுவார்கள். அந்நாளில் குடியிருப்போர் இறங்கிவந்து பழைய இலைகளை வாரிச் சாக்குகளில் கட்டி, வழுக்காமலிருக்கக் குளிர்காலத்தில் கொட்டிய சரளைக்கல்லைப் பெருக்கியெடுத்து, வேலி மரங்களுக்கு வண்ணமடித்து, வேலை முடிந்ததும் முற்றத்திலேயே காப்பியும் வாஃபிளும் சாப்பிட்டுக் கலைவார்கள். டுக்னாட் என்று அவர்கள் அழைக்கும் இப்பொது உழைப்பில் மருத்துவரும் பேருந்து ஓட்டுநரும் ஒரே வாரியைப் பிடித்து நிற்கிறார்கள். உறவோ சாதியோ பதவியோ கேட்காமல் அண்டை வீட்டார் என்ற ஒன்றையே தகுதியாகக் கொள்ளும் சேர்க்கை அது. இத்தகைய நம்பிக்கை எவ்வளவு தூரம் நீள்கிறது என்பதற்கு 2019இல் வெளியான ஓர் ஆய்வு சான்றாகிறது: 40 நாடுகளில் 17,000க்கும் மேற்பட்ட பணப்பைகளைத் தொலைந்து கிடைத்தவைபோல அலுவலகங்களிலும் விடுதிகளிலும் ஒப்படைத்துப் பார்த்தபோது, உரியவருக்குத் தகவல் சொல்லித் திருப்பித் தந்தவர்களின் விகிதத்தில் சுவிட்சர்லாந்து, நார்வே, நெதர்லாந்து, டென்மார்க், சுவீடன் ஆகிய நாடுகள் முன்னணியில் நின்றன. முன்பின் அறியாதவரின் பொருளைத் திருப்பித் தரும் மக்களைத் தன்னலக்காரர்கள் என்று நீங்கள் சித்திரிப்பது அவர்களுக்கு இழைக்கும் அநீதியாகும்.

அமெரிக்காவின் கதை வேறு. 1831இல் அங்கே பயணம் செய்த அலெக்சி டி டோக்வில், அந்நாட்டைப் பற்றித் தாம் எழுதிய நூலின் 1840இல் வெளிவந்த இரண்டாம் தொகுதியில், மக்கள் தம் குடும்பமும் நண்பர்களும் அடங்கிய சிறு வட்டத்துக்குள் ஒதுங்கிப் பொதுவாழ்வை மறந்துவிடும் ஆபத்தைச் சுட்டிக்காட்டி, அமெரிக்கர் எதற்கெடுத்தாலும் சங்கம் அமைத்துக் கூடி உழைப்பதால்தான் அதிலிருந்து தப்பித்திருக்கிறார்கள் என்று எழுதினார். அந்தச் சங்க வாழ்வு தேய்ந்துபோனதை ராபர்ட் பட்னம் 2000இல் வெளியிட்ட நூலில் விரிவாகப் பதிவுசெய்தார். பெரும்பாலோரை நம்பலாம் என்று சொன்ன அமெரிக்கர் 1972இல் 46 விழுக்காட்டினர், 2018இல் 34 விழுக்காட்டினர். 2023இல் அவர்களுள் நால்வரில் ஒருவர், முந்தைய நாளின் எல்லா வேளை உணவையும் தனியாகவே உண்டதாகச் சொன்னார். 2003ஐ ஒப்பிட இது 53 விழுக்காடு உயர்வு. உலக மகிழ்ச்சி அறிக்கையில் 2012இல் 11ஆம் இடத்தில் இருந்த அந்நாடு 2025இல் 24ஆம் இடத்துக்கு இறங்கியது. 2024ஆம் ஆண்டின் அறிக்கை முப்பது வயதுக்கு உட்பட்டோரைத் தனியே வரிசைப்படுத்தியபோது அமெரிக்க இளைஞர் 62ஆம் இடத்தில் நின்றனர்.

இச்சரிவுக்குத் தனிமனித உரிமையைக் காரணம் காட்டுவதற்கு முன், அங்கே ஒருவர் வேலை இழந்தால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். உழைக்கும் வயதினரில் பெரும்பகுதியினருக்கு மருத்துவக் காப்பீடு முதலாளியின் வழியாகவே கிடைப்பதால், வேலையுடன் சேர்ந்து சிகிச்சை பெறும் வழியும் அடைபடுகிறது. 1993இல் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டம் தாய்க்கும் தந்தைக்கும் 12 வாரம் விடுப்பு அளித்தாலும் அதற்குச் சம்பளம் கிடையாது. கல்லூரிப் பட்டம் இல்லாத நடுவயதினர் போதைப்பொருளாலும் மதுவாலும் தற்கொலையாலும் மடிவது பெருகியதை ஆன் கேஸ், ஆங்கஸ் டீட்டன் ஆகிய பொருளியலாளர்கள் ஆராய்ந்து, வேலையும் சங்கமும் மருத்துவமும் ஒருசேரக் கைவிட்டதன் விளைவாகவே அதை விளக்கினார்கள். தன் வழியைத் தானே தேர்ந்துகொள் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டு, அவர் தடுக்கி விழுந்தால் தாங்குவதற்கு எதையும் வைக்காத ஒரு சமூகம், துர்கைம் கண்டித்த தன்னலத்தையே சுதந்திரம் என்று விற்றுக்கொண்டிருக்கிறது. அதைக் கண்டிக்கும் உரிமை உங்களுக்கு முழுமையாக உண்டு. அதே கண்டனத்தைச் சுவீடன்மீதும் பின்லாந்துமீதும் ஏற்றிச் சொல்வதே தவறு.

கூட்டுநோக்குடைய செல்வ நாடு எப்படி இருக்கிறது என்று அறிய விரும்பினால் தென்கொரியாவைக் காணுங்கள். பெற்றோரைப் பேணுவது பிள்ளைகளின் தலையாய அறம் என்று நூற்றாண்டுகளாகக் கற்பித்துவந்த அந்நாட்டில், முதியோரில் ஐவரில் இருவர் அளவுக்கு வறுமையில் வாழ்கிறார்கள். செல்வ நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடி நாடுகளிலேயே இதுவே மிக உயர்ந்த விகிதம், தற்கொலை விகிதமும் அவ்வாறே. 2000ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அடிப்படை வாழ்வாதாரத் திட்டத்தில், விண்ணப்பிப்பவருக்கு வருமானமுள்ள பிள்ளை இருந்தால் அப்பிள்ளையே அவரைக் காப்பாற்றுவதாகக் கருதி உதவியை மறுக்கும் விதி இருந்தது. மகனோடு பேச்சுவார்த்தை அறுந்துபோய்ப் பல ஆண்டுகள் ஆன தாயும், மகன் தன்னைக் கைவிட்டுவிட்டான் என்று அதிகாரிகளிடம் மெய்ப்பித்தால்தான் உதவி பெற முடியும் என்ற நிலையில் எத்தனையோ பேர் விண்ணப்பிக்காமலேயே இருந்துவிட்டார்கள். 2014 பிப்ரவரியில் சோல் நகரின் சோங்பா பகுதியில், உணவகத்தில் வேலைசெய்துவந்த தாய் கையில் அடிபட்டு வேலையிழந்த சில வாரங்களில், நோயுற்ற மகள் உட்பட இரு மகள்களுடன் உயிரை மாய்த்துக்கொண்டார்; அரசு உதவி எதுவும் பெறாமல் வாழ்ந்த அக்குடும்பம், வீட்டுக்காரருக்குத் தர வேண்டிய கடைசி வாடகைக்கும் கட்டணங்களுக்குமாக ஏழு லட்சம் வோன் பணத்தை ஓர் உறையில் வைத்து, மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டுப் போயிருந்தது. நாடே அதிர்ந்து, அவ்வாண்டின் இறுதியில் நலச்சட்டங்கள் திருத்தப்பட்டன; குடும்பக் கடமை விதியோ வாழ்வாதார உதவியில் 2021 அக்டோபரில்தான் பெருமளவு நீக்கப்பட்டது. குடும்பப் பாசத்தை அரசு தன் கடமைக்கு மாற்றாக எண்ணிக்கொண்டால், அந்தப் பாசமே எளியோரின் கழுத்தில் கயிறாகிறது.

ஜப்பான் வேறொரு பாடத்தைத் தருகிறது. 1990களில் பொருளாதாரம் வீழ்ந்த பிறகு, வாழ்நாள் வேலை என்னும் பழைய உறுதியைத் தளர்த்திய அந்நாட்டு நிறுவனங்கள், ஒவ்வோர் ஊழியரையும் அவரவர் சாதனையால் அளந்து போட்டியிடச் செய்யும் முறைக்கு மாறின. யூஜி ஓகிஹாரா, யுகிகோ உச்சிதா ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், தனிமனிதப் போக்கு மிகுந்த ஜப்பானியருக்கு நெருங்கிய நண்பர் குறைவாகவும் மன நிறைவு தாழ்ந்தும் இருந்தன, அமெரிக்கரிடம் அத்தொடர்பு காணப்படவில்லை. பழைய கூட்டம் கலைந்துவிட்டது, விருப்பத்தால் புது உறவுகளை அமைத்துக்கொள்ளும் பழக்கமோ இன்னும் வேர்பிடிக்கவில்லை என்ற இடைநிலையின் துன்பம் அது. தனிமையைக் கவனிக்க 2021இல் ஓர் அமைச்சரை நியமித்த ஜப்பான், 2024இல் அதற்கென ஒரு சட்டத்தையே நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அவ்வாண்டில் மட்டும் 76,000க்கும் மேற்பட்டோர் தம் வீட்டில் தனியே இறந்து கிடந்ததைக் காவல்துறை கணக்கிட்டது. போட்டியை மட்டும் இறக்குமதி செய்து, ஆதரவை இறக்குமதி செய்யாத எந்தச் சமூகத்துக்கும் இது எச்சரிக்கை.

நீங்கள் எழுப்பும் எதிர்வாதங்களில் சிலவற்றுக்கு நியாயம் உண்டு என்பதையும் இம்மடல் மறைக்க விரும்பவில்லை. பின்லாந்தில் தற்கொலை மிகுதி என்று நீங்கள் சொல்வது 1990ஐப் பொறுத்தவரை உண்மை. ஆனால் 1986 முதல் நாடளாவிய தடுப்புத் திட்டத்தை வகுத்துச் செயல்பட்ட அந்நாட்டில் அவ்விகிதம் அதன்பின் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. பின்லாந்தின் பிறப்பு விகிதம் 2023இல் ஒரு பெண்ணுக்கு 1.26 குழந்தை என்ற அளவுக்குச் சரிந்திருப்பதும், இளைஞரின் மனநலம் அங்கும் கவலைக்குரியதாகியிருப்பதும் தனிமனிதவாதம் எல்லாச் சிக்கலையும் தீர்த்துவிடவில்லை என்பதையே காட்டுகின்றன. குடும்பப் பிணைப்பு வலுவாக உள்ள கோஸ்டாரிக்கா ஆறாம் இடத்தையும் மெக்சிகோ பத்தாம் இடத்தையும் 2025இல் பெற்றன. அதே அறிக்கை, நான்கைந்து பேர் சேர்ந்து வாழும் வீடுகளில் மன நிறைவு உச்சத்தில் இருப்பதை மெக்சிகோவில் மட்டுமன்றி ஐரோப்பாவிலும் கண்டது. சேர்ந்து வாழ்வது நல்லது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. சேர்ந்து வாழ்பவர்கள், வேண்டுமானால் விலகிச் செல்லவும் வழியுள்ளவர்களாக இருக்கிறார்களா, வேறு போக்கிடம் இல்லாததால் சேர்ந்திருக்கிறார்களா என்பதில்தான் மகிழ்ச்சிக்கும் சகிப்புக்கும் இடையிலான வேறுபாடு அடங்கியிருக்கிறது.

இவ்வளவும் தொலைதூர நாடுகளைப் பற்றிய செய்தி என்று நீங்கள் ஒதுக்கிவிட முடியாதபடி, உங்கள் கேட்போரின் வாழ்க்கையே சான்று சொல்கிறது. இந்தியாவில் தற்கொலைக்கான காரணங்களைத் தொகுக்கும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கில் முதலிடம் பெற்றது, 31.7 விழுக்காட்டுடன், குடும்பப் பிரச்சினைகள் என்ற தலைப்பேயாகும். பெற்றோரைப் பராமரிக்கப் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தும் சட்டத்தை 2007இல் இயற்றிய நாட்டில், 60 முதல் 79 வயது வரையிலான ஏழை முதியோருக்கு ஒன்றிய அரசு தரும் மாத ஓய்வூதியப் பங்கு 200 ரூபாய் என்ற அளவிலேயே நெடுங்காலம் நின்றுவிட்டது. குடும்பம் பார்த்துக்கொள்ளும் என்று நீங்கள் மேடையில் பெருமிதத்துடன் சொல்லும் சொல், இத்தொகையை உயர்த்த வேண்டியதில்லை என்று எண்ணுவோருக்கு எவ்வளவு வசதியாக அமைகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். குடும்பம் பார்த்துக்கொள்வது என்பது நடைமுறையில் ஒரு பெண் பார்த்துக்கொள்வதாகவே முடிகிறது. அவள் விட்டுக்கொடுத்த வேலையும் உறக்கமும் உடல்நலமும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

தனியாளின் மாண்பு அயலிலிருந்து வந்த பண்டம் என்று சொல்வதும் உங்கள் வரலாற்றுக்கே பொருந்தாது. சாதியும் புரோகிதமும் குடும்ப மானமும் கட்டளையிட வேண்டியதில்லை, இருவர் உற்றார் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்றுக்கொண்டு மாலை மாற்றிக்கொண்டால் அது திருமணம் என்று சட்டம் செய்தது 1967இல் தமிழ்நாடு. மகளுக்கும் மகனுக்கும் குடும்பச் சொத்தில் சம உரிமை என்று 1989இல் திருத்தம் கொண்டுவந்ததும் அதே சட்டமன்றம். அச்சட்டங்கள் குடும்பத்தை அழித்துவிடவில்லை. குடும்பத்துக்குள் இருப்பவர்கள் நிமிர்ந்து நிற்க இடம் கொடுத்தன.

ஆகவே உங்களிடம் வைக்கப்படும் கோரிக்கைகள் இவை. செல்வ நாடுகளின் துயரத்தைப் பற்றி அடுத்த முறை எழுதும்போது எந்த நாடு, எந்த வயதினர், எந்த ஏற்பாடு என்று பிரித்துச் சொல்லுங்கள். அமெரிக்க இளைஞரின் தனிமையையும் பின்லாந்து முதியவரின் தனிவாழ்வையும் ஒரே மூச்சில் சொல்லி ஒன்றாக்கிவிடாதீர்கள். முதியோர் இல்லத்தைப் பாவத்தின் அடையாளமாகக் காட்டும் வழக்கத்தைக் கைவிட்டு, நல்ல இல்லம் எப்படி நடத்தப்பட வேண்டும், அதில் செவிலியர் எத்தனை பேர் இருக்க வேண்டும், கட்டணத்தை யார் ஏற்க வேண்டும் என்று விவாதிக்கும் இடமாக உங்கள் மேடையை மாற்றுங்கள். கூட்டுக் குடும்பத்தைப் போற்றும் ஒவ்வொரு முறையும், அக்குடும்பத்தில் சமைப்பவர் யார், இரவில் விழித்திருப்பவர் யார், முடிவெடுப்பவர் யார், வெளியேற விரும்பினால் அவர்களுக்கு வழி உண்டா என்று உடன் கேளுங்கள். விவாகரத்து செய்தவர்களையும் திருமணம் செய்துகொள்ளாதவர்களையும் தனியே வாழ்பவர்களையும் பண்பாட்டின் வீழ்ச்சிக்கு எடுத்துக்காட்டாக நிறுத்தாதீர்கள். உங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு அவர்களும் அவையில் அமர்ந்திருக்கிறார்கள்.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒன்றைச் செய்யுங்கள். உறவு நீடிக்க வேண்டும் என்று உண்மையாகவே விரும்புவீர்களானால், அந்த உறவைச் சுமையாக்கும் தேவைகளைப் பொதுப் பொறுப்பாக்கும்படி அரசிடமும் உள்ளாட்சிகளிடமும் கேட்கும் குரலாக மாறுங்கள்: வாழ்வதற்குப் போதுமான முதியோர் ஓய்வூதியம், வீடுதேடி வரும் பராமரிப்புப் பணியாளர், பெற்றோரின் சம்மதத்தையோ வருமானத்தையோ சாராத மாணவர் உதவி, வன்முறையிலிருந்து வெளியேறும் பெண்ணுக்குத் தங்குமிடமும் வருமானமும், அண்டை வீட்டார் சாதி பாராமல் கூடி உழைக்கவும் உண்ணவும் இடம் ஆகியவற்றை உங்கள் எழுத்தும் பேச்சும் திரும்பத் திரும்பக் கோரட்டும். பாசத்தைப் பற்றி ஆயிரம் மேடைகளில் நீங்கள் பேசியதைக் காட்டிலும், பாசத்தைக் கடனாக அன்றிக் கொடையாக மக்கள் வழங்கிக்கொள்ளும் நிலையை உருவாக்க இக்கோரிக்கைகளே மிகுதியாக உதவும். மக்களின் செவி உங்களிடம் இருப்பதால், இதைத் தொடங்கிவைக்க உங்களைவிடத் தகுதியானவர் இல்லை.